கால் நாள் பாக்கி

1904 பிப்ரவரி 29, திங்கட்கிழமை. மதுரையில் பொறியாளர் நீலகண்ட சாஸ்திரிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குஜராத்தின் பதேலி கிராமத்தில் பிறந்த ஒரு பையனுக்கு அன்றைக்குத்தான் முதல் பிறந்தநாள் வந்தது. பையனுக்கு வயது எட்டு.

பெண் குழந்தை ருக்மிணி தேவி. பையன் மொரார்ஜி தேசாய். எழுபத்து மூன்று வருடம் கழித்து, 1977-இல், பிரதமராகிவிட்ட மொரார்ஜி, கலாக்ஷேத்திரா நடனப் பள்ளியின் ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கிறீர்களா என்று கேட்டார். அவர் வேண்டாம் என்றார். நீலம் சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். காலண்டர் கணக்கில் பார்த்தால், அதுவரை 19 பிறந்தநாள் கண்ட ஒருவர், 18 பிறந்தநாள் கண்ட ஒருவரை நாட்டின் முதல் குடிமகளாக வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்.

இருவருக்கும் பொதுவான அந்தத் தேதி சொந்த ஊர் இல்லாதது. இரண்டாயிரம் வருடமாக அலைந்துகொண்டிருப்பது. பிறந்தபோது அது 29-ஆம் தேதியாகவும் இல்லை, தனக்கென்று ஒரு எண்ணும் அதற்கு இல்லை.

பருவங்கள் ஒரு சுற்று முடிந்து திரும்பிவர 365 நாளோடு 5 மணி 48 நிமிடம் 45 விநாடி கூடுதலாகிறது. அந்தக் கூடுதல் ஏறக்குறைய கால் நாள். மளிகைக் கடையில் சில்லறை இல்லையென்று பாக்கி நிறுத்திவைப்பதுபோல, ஒவ்வொரு வருடமும் இந்தக் கால் நாளை நிறுத்திவைத்து, நாலு வருடத்துக்கு ஒருமுறை முழு ரூபாயாகக் கொடுத்துக் கணக்கை நேர்செய்வதுதான் லீப் வருடம்.

நம் பஞ்சாங்கத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. சூரியன் எந்த நேரத்தில் ராசிக்குள் நுழைகிறதோ அதை வைத்து மாதம் பிறக்கும். அதனால் மாதம் 29 நாளிலும் முடியலாம், 32 வரையும் போகலாம். பாக்கி அப்போதைக்கப்போது தீர்ந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பஞ்சாங்கத்தை ஆங்கிலக் காலண்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்டம் தெரியும். பொங்கல் 2023-லும் 2024-லும் ஜனவரி 15-இல் வந்தது. 2024 பிப்ரவரியில் ஆங்கிலக் காலண்டர் ஒரு நாளைச் செருகியது. 2025-இல் பொங்கல் 14-க்குத் திரும்பியது. பொங்கல் தேதி ஏன் இப்படி மாறுகிறது என்று கேட்கிறவர்கள் சூரியனைச் சந்தேகிக்கிறார்கள். ஆடுவது சூரியன் அல்ல, பிப்ரவரி.

பிப்ரவரிக்கு ஏன் இந்தத் தலையெழுத்து? அகஸ்டஸ் சீசர் தன் பெயர்கொண்ட மாதத்துக்காகப் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஒரு கதை பள்ளிக்கூடங்களில் இன்னும் உலவுகிறது. அது பொய். அகஸ்டஸ் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே பிப்ரவரிக்கு 28 நாள்தான். ரோமானியர்களின் பழைய ஆண்டில் அது கடைசி மாதம். இறந்தவர்களுக்குச் செய்யும் சடங்கும் தீட்டுக் கழிப்பும் நடக்கும் மாதம். ஒற்றைப்படை எண்ணை மங்கலம் என்று நம்பியவர்கள், இரட்டைப்படையை இந்த ஒரு மாதத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள்.

அந்தப் பழைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாள். துண்டு விழும் பத்து நாளைச் சரிக்கட்ட, அவ்வப்போது ஒரு தனி மாதத்தையே பிப்ரவரி 23-ஐ ஒட்டிச் செருகுவார்கள். 23-ஆம் தேதி எல்லைத் தெய்வமான டெர்மினஸின் திருவிழா. ஆண்டின் எல்லையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் அங்கே வெட்டி ஒட்டுவது அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. எந்த வருடத்தில் செருகுவது என்று முடிவுசெய்தவர்கள் பூசாரிக் குழுவினர். அவர்களே அரசியல்வாதிகளும்கூட. வேண்டியவர் பதவியில் இருந்தால் வருடம் நீளும், வேண்டாதவர் இருந்தால் குறையும். கடைசியில் அறுவடைத் திருவிழா அறுவடைக்கு வராமல் போனது.

ஜூலியஸ் சீசர் இதை ஒரேயடியாக உடைத்தார். அலெக்சாண்டிரியாவின் சோசிஜெனிஸ் என்ற வானியல் அறிஞரின் யோசனைப்படி, கி.மு. 46-ஐ 445 நாள் கொண்ட ஒரு பூத வருடமாக நீட்டிப் பழைய பாக்கியெல்லாம் தீர்த்தார். அடுத்த ஆண்டிலிருந்து 365 நாள், நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூடுதல் என்றார். அந்த ஒரு நாளைப் பழைய இடத்திலேயே, எல்லைத் திருவிழாவுக்கு அடுத்தே வைத்தார்.

ரோமானியர்கள் தேதியைப் பின்னாலிருந்து எண்ணுவார்கள். மார்ச் முதல் நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதுதான் அவர்களுக்குத் தேதி. பிப்ரவரி 24, மார்ச் முதலுக்கு ஆறாம் நாள். லீப் வருடத்தில் அந்த ஆறாம் நாள் இரண்டு முறை வரும். முதல் தடவை ஆறாம் நாள், மறுநாள் எழுந்தால் மறுபடியும் ஆறாம் நாள். 'இருமுறை ஆறாவது' என்று பொருள்படும் அந்த லத்தீன் சொல்தான் இன்றைக்கும் பிரெஞ்சில் லீப் வருடத்துக்குப் பெயராக, பிஸெக்ஸ்தீல் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமாக இருக்கலாம். ஆக, நம் நாள் பிறந்த இடம் பிப்ரவரி 24.

பிறந்த கையோடு ஒரு விபத்து. கி.மு. 44-இல் சீசர் கொலையானார். 'நாலாவது வருடம்தோறும்' என்ற அவருடைய உத்தரவைப் பூசாரிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று நடத்தினார்கள். முட்டாள்தனம் என்று சிரிக்கவேண்டாம். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியத்துக்கு எப்படி எண்ணுகிறோம்? இறந்த நாளே முதல் நாள். ரோமானியர்களும் அப்படித்தான், தொடங்கும் நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் லீப் வருடம் ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று, நாலாவது மறுபடி லீப் வருடம். 36 ஆண்டில் 9 வரவேண்டிய இடத்தில் 12 வந்துவிட்டது. அகஸ்டஸ் தொடர்ந்து மூன்று லீப் வருடங்களை நிறுத்திவைத்துக் கணக்கைத் தேய்த்தார். பிப்ரவரி விஷயத்தில் அவர் செய்தது இவ்வளவுதான். பாவம், பழி மட்டும் வேறு.

ரோமாபுரி போனது, காலண்டர் மட்டும் தேவாலயங்களின் கையோடு ஐரோப்பா முழுக்க நடந்தது. போன இடமெல்லாம் இந்த இரட்டை நாள் வக்கீல்களுக்குத் தொல்லை. 'ஓர் ஆண்டும் ஒரு நாளும்' என்று நீதிமன்றம் தவணை கொடுத்தால், லீப் வருடத்தில் அது எந்த நாளில் முடிகிறது? 1256-இல் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி ஒரு சட்டம் போட்டார். மிகைநாளும் அதற்கு முந்தைய நாளும் சேர்ந்து ஒரே நாள். நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடினாலும் சட்டத்தின் கண்ணில் ஒருநாள்தான். பிறகு தேதியை முன்னாலிருந்து 1, 2, 3 என்று எண்ணும் வழக்கம் பரவியபோது, இரண்டு முறை வந்த நாள் மெல்ல நழுவி மாதக் கடைசிக்குப் போய் 29 என்ற எண்ணை வாங்கிக்கொண்டது. அதற்கு முகவரி கிடைத்தது அப்போதுதான்.

சட்டத்தில் இல்லாத நாள் என்பதால் அன்றைக்கு வழக்கத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு வந்தது என்பார்கள். அயர்லாந்திலும் பிரிட்டனிலும், பெண் ஆணிடம் தானே கல்யாணம் கேட்கலாம் என்ற விளையாட்டு உரிமை இந்த நாளோடு ஒட்டிக்கொண்டது. மறுக்கிற ஆண் பட்டு உடையோ கையுறையோ வாங்கித் தரவேண்டுமாம். பெண்கள் காத்துக் காத்து அலுத்துப்போகிறார்கள் என்று புனித பிரிஜிட், புனித பேட்ரிக்கிடம் முறையிட்டு வாங்கிய சலுகை இது என்று ஒரு கதை. 1288-இல் ஸ்காட்லாந்து ராணி மார்கரெட் சட்டமே போட்டார் என்று இன்னொரு கதை. அப்போது அந்த ராணிக்கு ஐந்து வயது, நார்வேயில் இருந்தார், ஸ்காட்லாந்தில் கால் வைக்காமலே இறந்தும்போனார்.

இந்த உரிமை கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது. நாலு வருடத்தில் ஒருநாள் மட்டும் கேட்கலாம் என்றால், மீதி 1,460 நாள் வாயைத் திறக்காதே என்றுதானே பொருள்? 1904-லும் 1908-லும் அமெரிக்கக் கடைகளில் விற்ற லீப் வருட வாழ்த்து அட்டைகளைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். வலையும் துப்பாக்கியுமாக ஆணைத் துரத்தும் பெண்கள், அலறி ஓடும் ஆண்கள். அந்த அட்டைகள் விற்ற வருடத்தில் மதுரையில் பிறந்த குழந்தை, பதினாறு வயதில், நாற்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர் ஜார்ஜ் அருண்டேலைத் திருமணம் செய்துகொண்டு சென்னையையே வாயடைக்க வைத்தது. பிறகு 1935-இல், கௌரவமான குடும்பத்துப் பெண் மேடையேறலாமா என்ற கேள்விக்கு நடுவில், அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் சதிர் என்ற பரதநாட்டியம் ஆடியது.

கதையின் நடுவில் ஒரு கிரகணம் இருக்கிறது. 1504 பிப்ரவரி 29. கொலம்பஸ் கப்பல்கள் செல்லரித்து, ஜமைக்கா கரையில் எட்டு மாதமாகச் சிக்கிக் கிடந்தார். சோறு போட்டுவந்த தைனோ மக்கள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். மாலுமிகள் திருடியதும் அடித்ததும் அவர்கள் பொறுத்த அளவுக்கு மேல் போய்விட்டது. கொலம்பஸிடம் ரெஜியோமொன்டானஸ் கணித்த ஒரு பஞ்சாங்கம் இருந்தது. அன்றிரவு சந்திர கிரகணம் என்று அதில் போட்டிருந்தது. தன் கடவுள் கோபமாக இருக்கிறார், நிலவை எடுத்துவிடப்போகிறார் என்று ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். நிலவு சிவந்து மங்கியது. ஜனங்கள் கூச்சலிட்டபடி உணவோடு ஓடிவந்தார்கள். கொலம்பஸ் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லி அறைக்குள் போய், மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்து, கிரகணம் விடும் நேரத்துக்கு வெளியே வந்து மன்னிப்பு அறிவித்தார். பாடப் புத்தகங்கள் இதைச் சாமர்த்தியம் என்கின்றன. பஞ்சாங்கத்தைக் காட்டிப் பயமுறுத்திச் சாப்பாடு வாங்குவதற்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு.

கொலம்பஸின் அந்த 29 சீசர் கணக்கின் 29. சீசரின் கணக்கில் வருடத்துக்குப் பதினொரு நிமிடம் அதிகம். 128 வருடத்தில் அது ஒரு நாளாகச் சேரும். 1582-க்குள் வசந்தகாலச் சமநாள் பத்து நாள் முன்னால் நழுவி, ஈஸ்டர் தேதி குழம்பிவிட்டது. லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர் வகுத்து வைத்த திட்டத்தைக் கையிலெடுத்த போப் பதின்மூன்றாம் கிரிகரி, அந்த வருடம் அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று அறிவித்தார். ஆவிலா நகரத்துத் தெரசா அந்த இரவில்தான் இறந்தார். இனிமேல் நூற்றாண்டு முடியும் வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம் என்றும் விதி வந்தது. அந்த ஆணையில் போட்டிருக்கும் தேதி பிப்ரவரி 24. மிகைநாளின் பிறந்த வீட்டு முகவரியிலிருந்தே அதன் செலவைக் குறைக்கும் உத்தரவு போயிருக்கிறது. மொரார்ஜிக்கு எட்டு வயது வரை பிறந்தநாள் வராததற்குக் காரணம் இந்த விதிதான். 1900, நாலால் வகுபடும், 400-ஆல் வகுபடாது.

போப் சொன்னதை எல்லாரும் உடனே கேட்கவில்லை. பிரான்ஸ் அதே வருடம் மாறியது. இங்கிலாந்து 170 வருடம் முரண்டு பிடித்தது. விளைவு நம் கடற்கரையில் தெரிந்தது. 1746-இல் லபூர்தனே சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, பிரெஞ்சுக்காரர்களுக்கு அது செப்டம்பர் 21, தோற்ற ஆங்கிலேயர்களுக்கு செப்டம்பர் 10. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே நூற்றைம்பது கிலோமீட்டர், பதினொரு நாள். 1752-இல் ஆங்கிலேயர்களும் வழிக்கு வந்து, செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14 என்றார்கள். அந்தச் சட்டம் அவர்களுடைய ஆசிய உடைமைகளுக்கும் சேர்த்தே போடப்பட்டது.

எல்லாரையும்விடச் சுவீடன் செய்ததுதான் வேடிக்கை. ஒரேயடியாகப் பதினொரு நாளை வெட்டாமல், 1700 முதல் நாற்பது வருடம் லீப் நாளை மட்டும் விட்டுவிட்டால் வலிக்காமல் மாறிவிடலாம் என்று திட்டம். 1700-இல் விட்டார்கள். பிறகு ரஷ்யாவோடு போர் மூண்டது. 1704-லும் 1708-லும் விட மறந்துவிட்டார்கள். இப்போது அவர்களுடைய தேதி பழைய காலண்டரோடும் ஒட்டவில்லை, புதியதோடும் ஒட்டவில்லை. அலுத்துப்போன பன்னிரண்டாம் சார்லஸ் மன்னர் பழையதற்கே திரும்பச் சொன்னார். முன்பு விட்ட ஒரு நாளைத் திருப்பிப் போடவேண்டும். 1712-ஆம் ஆண்டு ஏற்கெனவே லீப் வருடம். அதனால் அந்த வருடம் சுவீடனில் பிப்ரவரி 30 வந்தது.

மொரார்ஜிக்குக் கிடைக்காத 1900 பிப்ரவரி 29 எங்கேயாவது இருந்ததா? ரஷ்யாவில் இருந்தது. அவர்கள் 1918 வரை சீசர் கணக்கிலேயே இருந்தார்கள். நம் மார்ச் 13 அவர்களுக்கு அந்த 29. இன்னொரு இடத்தில் அது இன்றைக்கும் இருக்கிறது. எக்செல் திறந்து ஒரு கட்டத்தில் 60 என்று போட்டுத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 29 பிப்ரவரி 1900 என்று காட்டும். அதற்கு முன்பு கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. பழைய கோப்புகள் கெட்டுவிடக்கூடாதென்று எக்செல் அந்தத் தவறையும் தத்தெடுத்தது. உலகத்தின் பாதிக் கணக்குப் பிள்ளைகள் இல்லாத ஒரு நாளைக் கட்டித் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

இந்தியாவில் பிப்ரவரி 29-க்குக் கொஞ்ச காலம் பதவி இருந்தது. மத்திய பட்ஜெட் பிப்ரவரியின் கடைசி வேலை நாளில், மாலை ஐந்து மணிக்கு. 1968 பிப்ரவரி 29 மாலை, நிதியமைச்சர் மொரார்ஜி எழுந்து பட்ஜெட் வாசித்தார். அன்றைக்கு அவருக்கு 72 வயது நிறைந்தது. பிறந்தநாளில் ஊருக்கே வரி போட வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 2016-இல் அருண் ஜேட்லி வாசித்ததோடு அந்தப் பதவியும் போனது. மறுவருடத்திலிருந்து பட்ஜெட் பிப்ரவரி முதல் தேதிக்குப் போய்விட்டது.

மற்றபடி, வருடத்தில் எந்த நாளுக்கும் நடப்பதுதான் இதற்கும் நடந்திருக்கிறது, நாலில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும். 1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் சூனியக்காரிகள் என்று முதல் மூன்று பெண்களைப் பிடிக்க ஆணை போனது இதே தேதியில். 1940-இல் ஹேட்டி மெக்டேனியல் ஆஸ்கர் வாங்கியதும் இதே தேதியில். கறுப்பினத்தவர் ஒருவர் அந்த விருதை வாங்குவது அதுவே முதல் தடவை. விருது கொடுத்தவர்கள் அவரைச் சக நடிகர்களோடு உட்காரவைக்கவில்லை. சுவரோரம் தனி மேசை போட்டிருந்தார்கள். 1960-இல் மொரோக்கோவின் அகாதிர் நகரத்தைப் பதினைந்து விநாடி நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது மணி இரவு 11.40. மார்ச் பிறக்க இருபது நிமிடம் இருந்தது. டாஸ்மேனியாவின் பிரதமராக இருந்த ஜேம்ஸ் வில்சன் 1812 பிப்ரவரி 29-இல் பிறந்து 1880 பிப்ரவரி 29-இல், தன் பதினேழாவது பிறந்தநாளில் இறந்தார். அபூர்வ நோய்களுக்கான விழிப்புணர்வு நாளை 2008-இல் முதன்முதலாகக் கொண்டாடியவர்கள் இந்தத் தேதியைத் தேடிப்பிடித்தே வைத்தார்கள். அபூர்வமான நோய்க்கு அபூர்வமான நாள்.

மொரார்ஜி 1995 ஏப்ரலில் 99 வயதில் போய்விட்டார். நூறாவது பிறந்தநாள் லீப் வருடத்தில்தான் விழ இருந்தது, பத்து மாதம் குறைந்தது. ருக்மிணி தேவி 1986-இல் மறைந்தார். தேதி பிப்ரவரி 24. ரோமானியர்களின் ஆறாம் நாள். அதே தேதியில், அதுவும் 1948 என்ற லீப் வருடத்தில் பிறந்தவர் ஜெயலலிதா. சீசர் காலத்துப் பூசாரியிடம் ஜாதகத்தைக் கொடுத்திருந்தால் அவரையும் இந்த நாளின் கணக்கில் சேர்த்திருப்பார். இதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் காலண்டரோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இப்படித்தான் தோன்ற ஆரம்பிக்கும்.

பிரான்சில் இந்த நாளுக்கென்றே ஒரு பத்திரிகை இருக்கிறது. பெயர் லா பூஜி து சப்பேர். பிப்ரவரி 29-இல் பிறந்த ஒரு சித்திரக்கதைச் சிப்பாயின் பெயரால் வந்தது. 1980-இல் தொடங்கி நாலு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. 2024-இல் வந்தது பன்னிரண்டாவது இதழ். ஞாயிறு மலரும் உண்டு, 29 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் மட்டும். 2004-இல் ஒன்று வந்தது, அடுத்தது 2032-இல். குறுக்கெழுத்துப் போட்டியும் போடுகிறார்கள். விடை அடுத்த இதழில். 2024-இல் கட்டம் நிரப்பியவர்கள், போட்டது சரியா என்று பார்க்க 2028 பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை வரை பொறுத்திருக்க வேண்டும்.